பொண்ணோட டான்ஸ் பேக்ல இருக்குற சாமான்லாம் எப்படி, மூணு வருஷம் கழிச்சு ஒரு அப்பாவோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் டான்ஸர் கிடையாது, டாக்டரும் கிடையாது, ராத்திரி 11 மணிக்கு போன்ல ரிவ்யூ படிச்சு படிச்சு ஆர்டர் போடுற அப்பா, அவ்ளோதான். பொண்ணுக்கு இப்ப 16 வயசு, 7 வயசுலேர்ந்து ஆடுறா, பாலே, கன்டெம்பரரி ரெண்டும். ஆரம்பத்துல அவ பேக்ல ஷூவும் தண்ணி பாட்டிலும் தான் இருக்கும், இப்ப திறந்தா குட்டி மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கு. அடிபடாம இருக்கணும்னு கொஞ்சம், அடிபட்டதுக்கப்புறம் சீக்கிரம் சரியாகணும்னு கொஞ்சம், கூட ஆடுற பொண்ணு வச்சிருக்கான்னு கொஞ்சம், இப்படியே சேர்ந்துடுச்சு. இதெல்லாம் வாங்குறப்போ நான் படிச்ச ரிவ்யூ பூரா "நேத்து வந்துச்சு, பேக்கிங் சூப்பர், 5 ஸ்டார்" ரகம் தான். ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு வந்து யாரும் எழுதறதில்ல. அதான் நான் எழுதறேன். பிராண்ட் பேர் சொல்ல போறதில்ல, பொருள் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், டப்பா மேல இருக்குற பேர் தான் மாறுது.

மோசமானதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஃபுட் ஸ்ட்ரெச்சர். தெரியாதவங்களுக்கு, வளைஞ்ச ஒரு மரப்பலகை, குதிகால் வைக்க ஒரு குழி, மேல ஒரு எலாஸ்டிக் பட்டை, அதுக்குள்ள விரல் பக்கத்தை நுழைச்சு காலை இழுத்து கட்டி வச்சா பாதம் அழகா வில்லு மாதிரி வளையுமாம். போட்டோல பாத்தா ஆசையா தான் இருக்கும். அப்ப அவளுக்கு 13 வயசு, "அப்பா எல்லாரும் வச்சிருக்காங்கப்பா"ன்னு ஒரு மாசம் கேட்டா, பிறந்தநாளுக்கு வாங்கி குடுத்தேன். ஆமா, நானே தான் வாங்கி குடுத்தேன். தினமும் டிவி பாத்துக்கிட்டே 10 நிமிஷம், அப்புறம் 20 நிமிஷம், சில நாள் கட்டிக்கிட்டே தூங்கி வேற போயிருக்கா. ரெண்டு மாசம் கழிச்சு காலை நீட்டி பாயின்ட் பண்ணும்போதெல்லாம் கணுக்காலுக்கு பின்னாடி, குதிகால் தசைநாருக்கு உள்பக்கம், சுருக்னு வலிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சா. நாங்க ஷூ டைட்டா இருக்கும்னு ஷூவ மாத்தினோம். ஷூ மேல ஒரு தப்பும் இல்ல.

பின்னாடி ஒரு பிசியோ தான் புரிய வச்சாங்க. அந்த பலகை பாத வளைவை வளைக்கிறத விட, விசையில நிறைய கணுக்கால் மூட்டுல தான் போய் விழுதாம், பின்பக்கம் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கறது நசுங்குது, முன்பக்கமும் பக்கவாட்டுலயும் மூட்டை பிடிச்சிருக்குற லிகமென்ட் எல்லாம் ஜவ்வு மாதிரி இழுபடுது. சில பேருக்கு அந்த எடத்துல ஒரு குட்டி எலும்பு எக்ஸ்ட்ராவா இருக்கும், அவங்களுக்கு இன்னும் சீக்கிரம் வலி வரும். லிகமென்ட் ஒரு தடவை தளர்ந்தா தளர்ந்தது தான், உடற்பயிற்சி பண்ணி அதை சுருக்க முடியாது, சுத்தி இருக்குற தசைய பலமாக்கி தான் சமாளிக்கணும். அவங்க கேட்ட ஒரு கேள்வி, "மேடையில நிக்கும்போது யாரு உன் காலை இழுத்து பிடிச்சிருப்பா?" பொண்ணுகிட்ட பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல. இந்த சாமானுக்கு 0 ஸ்டார் குடுக்க வழி இருந்தா குடுத்திருப்பேன். எலாஸ்டிக்க அறுத்துட்டு குப்பைல போட்டேன், செகண்ட் ஹேண்ட்ல வித்தா வேற ஒரு குழந்தை காலுக்கு போகும்ல.

அதே வயசுல இன்னொரு விஷயமும் நடந்துக்கிட்டிருந்துச்சு, எங்களுக்கு தான் புரியல. அந்த ஒரு வருஷத்துல கடகடன்னு வளந்துட்டா. எலும்பு முதல்ல நீளும், தசை பின்னாடி தான் வந்து சேரும், அந்த இடைவெளில உடம்பு விறைப்பாகும், பேலன்ஸ் குழம்பும், போன வருஷம் ஈசியா வந்த ஸ்டெப் இந்த வருஷம் வராது. பசங்க சோம்பேறி ஆகிட்டாங்கன்னு டீச்சரும் நினைப்பாங்க வீட்லயும் நினைப்போம், புள்ள இன்னும் வெறியா ஸ்ட்ரெச் பண்ணும். உண்மையில அந்த நேரத்துல தான் குதிக்கறத கொறைச்சு, இழுக்கறத கொறைச்சு, பலத்துக்கும் பேலன்ஸுக்கும் நேரம் குடுக்கணுமாம். முட்டிக்கு கீழ எலும்பு புடைச்சுக்கிட்டு வலிக்கறது, குதிகால் வலிக்கறது எல்லாம் வளர்ற வயசுல சகஜம், தசைநார் எலும்போட ஒட்டுற எடத்துல எலும்பு இன்னும் முழுசா கெட்டியாகாததால வர்றது. நாங்க செஞ்சது என்னன்னா, கரெக்டா அந்த வருஷம் பாத்து கால இழுக்குற பலகை வாங்கி குடுத்தது. சரி விடுங்க.

அடுத்தது ஐஸ் பேக், எலாஸ்டிக் பேண்டேஜ், பிரேஸ் இந்த மூணும். இதுங்க வந்த கதை சுளுக்கு கதை. 14 வயசு, ரிகர்சல்ல நாலாவது மணி நேரம், குதிச்சு எறங்கும்போது இடது பாதம் உள்பக்கமா மடங்கிடுச்சு. டான்ஸர்ஸுக்கு அடிக்கடி வர்ற அடி இது தான், குதிகால் தூக்கி கால் நீண்டிருக்கும்போது கணுக்கால் மூட்டு பிடிமானம் ரொம்ப கம்மி, வெளிப்பக்கம் முன்னாடி இருக்குற லிகமென்ட் தான் முதல்ல வாங்கிக்கட்டிக்கும். நான் போய் சேரும்போது கால் பன்னு மாதிரி வீங்கி இருந்துச்சு, சுத்தி நின்னவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தர் உருவி விட சொன்னார், ஒருத்தர் வெந்நீர்னார், ஒருத்தர் "ஒண்ணும் இல்ல, எழுந்து ஆடு, சரியாயிடும்".

எல்லா பெத்தவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது இது, எக்ஸ்ரே எடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு நல்ல ரூல் இருக்கு, 1992ல கனடாவுல ஒட்டாவா டாக்டர்கள் போட்டது, அந்த ஊர் பேரு தான் ரூலுக்கும். கணுக்கால்ல வலி இருந்து, அடிபட்ட உடனேயும் டாக்டர்கிட்ட போனப்புறமும் நொண்டியாவது 4 அடி எடுத்து வைக்க முடியல, இல்ல கணுக்கால்ல ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்குற எலும்போட பின் ஓரம் கடைசி 6 சென்டிமீட்டர்ல, இல்ல அதோட நுனியில, அமுக்கினா வலிக்குது, அப்படின்னா எக்ஸ்ரே. பாதத்துல வலின்னா சுண்டு விரலுக்கு நேரா பாதத்தோட நடு ஓரத்துல முட்டிக்கிட்டு இருக்குற எலும்பு, உள்பக்கம் வளைவுக்கு மேல இருக்குற எலும்பு, இந்த ரெண்டையும் அமுக்கி பாக்கணும். அந்த சுண்டு விரல் எலும்பு அடிப்பக்கத்துக்கிட்ட உடையறதுக்கு ஒரு டாக்டர் பேரே வச்சிருக்காங்க, ஜோன்ஸ் ஃப்ராக்சர்னு, 1902ல ராபர்ட் ஜோன்ஸ்ங்கற சர்ஜன் அதை பத்தி எழுதினார், அவருக்கே அது வந்தது டான்ஸ் ஆடும்போது தானாம். படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு, பொண்ணுக்கு வரல.

ஐஸ் பேக் 3 ஸ்டார். ஜெல் டைப், ஃப்ரீசர்ல வச்சாலும் கல்லாகாம வளையும், கணுக்கால சுத்தி நல்லா உக்காரும். துணி சுத்தி 15 நிமிஷம், மிஞ்சி போனா 20, அதுக்கு மேல வேணாம், நேரா தோல்ல வச்சா தோல் வெந்துடும், ஆமா ஐஸ்லயும் வேகும். வலி குறைக்கும், அவ்ளோ தான் அதோட வேலை. நான் நினைச்சுக்கிட்டிருந்தது ஐஸ் வச்சா சீக்கிரம் ஆறும்னு. ரெஸ்ட், ஐஸ், இறுக்கி கட்டு, காலை தூக்கி வைன்னு ரைஸ் ஃபார்முலாவ 1978ல சொன்னவர் கேப் மிர்கின்ங்கற டாக்டர், பல வருஷம் கழிச்சு அவரே ஐஸும் முழு ரெஸ்ட்டும் ஆறுறத தள்ளி போடலாம்னு மாத்தி சொல்லிட்டார். வீக்கம்ங்கறது உடம்பு ரிப்பேர் ஆளுங்கள அனுப்புற வேலை, அதை முழுசா அடக்கக்கூடாதுன்னு தான் இப்ப பேச்சு. 2019லேர்ந்து பீஸ் அண்ட் லவ்னு புது ஃபார்முலா ஒண்ணு ஓடுது, அதுல ஐஸே கிடையாது, முதல் சில நாள் பாதுகாத்து, தூக்கி வச்சு, கட்டு போட்டு, அப்புறம் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமா எடை போட்டு நடக்க விடணும். பேரு வாட்ஸப் ஸ்டேட்டஸ் மாதிரி இருக்கு, ஆனா விஷயம் சரி தான்.

கட்டு துணி 4 ஸ்டார், பழசானாலும் வேலை செய்யும், விரல் பக்கத்துலேர்ந்து மேல நோக்கி சுத்தணும், விரல் நீலமாச்சு மரத்துச்சுன்னா உடனே அவுக்கணும். பிரேஸ் 4 ஸ்டார், பக்கத்துல கெட்டியா தகடு வச்சு லேஸ் கட்டுற டைப் வாங்கினோம், ஒரு தடவை சுளுக்கினவங்களுக்கு திரும்ப சுளுக்காம இருக்க பிரேஸ் நெஜமாவே உதவும். ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா பாலே ஷூக்குள்ள போகாது, காலை முழுசா நீட்டவும் விடாது, அதனால நடக்கும்போது, ஸ்கூல்ல, லேசான பிராக்டீஸ்ல மட்டும் தான். சும்மா ஸ்லீவ் மாதிரி இழுத்து மாட்டுற துணி டைப்பும் ஒண்ணு வாங்கினேன், சூடா இருக்கும், தைரியமா இருக்கும், பிடிமானம் கிடையாது, 2 ஸ்டார்.

இப்ப ஒரு சர்வீஸ் ரிவ்யூ. முதல்ல போன எடத்துல (பேரு வேணாம்) எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டு, 4 வாரம் ரெஸ்ட், ஆடக்கூடாது, அப்புறம் ஆடலாம்னு 3 நிமிஷத்துல அனுப்பி வச்சுட்டாங்க. நாங்களும் சொல் பேச்சு கேட்டு 4 வாரம் காலண்டர்ல கோடு போட்டு, 5வது வாரம் திங்கள்கிழமை முழு கிளாஸுக்கு அனுப்பினோம், வியாழக்கிழமை அதே கால் திரும்ப மடங்கிடுச்சு. தப்பு என்னன்னா, வலி போறது வேற, கால் தயாராகறது வேற. லிகமென்ட்ல அடிபட்டா, கால் எந்த கோணத்துல இருக்குன்னு மூளைக்கு சொல்ற சிக்னலும் மந்தமாயிடும், 4 வாரம் சும்மா இருந்ததுல கெண்டைக்கால் தசையும் கரைஞ்சு போச்சு, அப்படியே குதிக்க விட்டா என்ன ஆகும். அந்த எடத்துக்கு 2 ஸ்டார், எக்ஸ்ரே சரியா பாத்ததுக்கு.

ரெண்டாவதா போனது டான்ஸர்ஸ பாக்குற ஒரு பிசியோ. 5 ஸ்டார், கேட்டா 6 கூட குடுப்பேன். முதல் நாளே காலை தொட்டுக்கூட பாக்கல, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுற, போன மாசம் எத்தனை, தரை என்ன தரை, எப்ப தூங்குற, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா"ன்னு கேள்வியா கேட்டாங்க. நான் வெளிய போகட்டுமான்னு கேட்டேன், பொண்ணு "இருங்கப்பா பரவால்ல"ன்னா. அப்புறம் தான் புரிஞ்சுது அது ஏன் கேட்டாங்கன்னு. ஆடுற அளவுக்கு உடம்புக்குள்ள போகலன்னா உடம்பு சிக்கனம் பண்ண ஆரம்பிச்சுடும், முதல்ல பீரியட்ஸ் தள்ளி போகும், நிக்கும், அப்புறம் எலும்பு பலம் குறையும், அப்புறம் சாதாரண பிராக்டீஸ்லயே எலும்புல கீறல் விழும். ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சு ஒரு அறிக்கை போட்டிருக்காங்க, பசங்களுக்கும் இது வரும், ஆம்பள பசங்களுக்கு பீரியட்ஸ்ங்கற அலாரம் கூட கிடையாது. மூணு மாசம் பீரியட்ஸ் வரல, இல்ல 15 வயசு ஆகியும் ஆரம்பிக்கல, "டான்ஸர்ஸுக்கு அப்படி தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டாக்டர பாருங்க. ஒல்லியா இருந்தா தான் அழகுன்னு கிளாஸ்ல கமெண்ட் அடிக்கிற டீச்சர் இருந்தா, என்ன பெரிய டீச்சரா இருந்தாலும், என் ரிவ்யூ 1 ஸ்டார்.

அவங்க குடுத்த வைத்தியத்துல பாதிக்கு மேல ஒரே ஒரு சாமான் தான், ரப்பர் பேண்ட். ரெசிஸ்டன்ஸ் பேண்ட்னு ரோலா வரும், கலர் மாற மாற பலம் கூடும். மொத்த பேக்லயே 5 ஸ்டார் இதுக்கு தான். நாற்காலி கால்ல ஒரு முனைய கட்டி, மறு முனைய பாதத்துல மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமா மெதுவா தள்ளி மெதுவா விடணும், விடற வேகம் தான் முக்கியம், டப்புனு விட்டா பிரயோஜனமே இல்ல. கணுக்கால் உள்ள மடங்க போகும்போது பிடிச்சு நிறுத்துற தசை அது தான். அப்புறம் பேண்டே இல்லாம, விரலை மடக்காம பாத வளைவை மட்டும் தரையிலேர்ந்து தூக்குற பயிற்சி, பாக்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், 10 தடவை பண்ணுங்க, பாதத்துக்குள்ள கிராம்ப் பிடிக்கும். அந்த மரப்பலகை தர்றேன்னு சொன்ன வளைவு இதுல தான் வருது, ஆனா 6 மாசம் ஆச்சு. ரப்பர் 4, 5 மாசத்துல ஓரத்துல கீறல் விடும், பாத்து மாத்திடுங்க, மூஞ்சில பட்டுன்னு அடிச்சா கண்ணு போயிடும். லேடெக்ஸ் அலர்ஜி இருக்குறவங்களுக்கு லேடெக்ஸ் இல்லாததும் கிடைக்குது.

கூடவே ஒத்த கால்ல குதிகால் தூக்கி எறக்குறது. முட்டி நேரா, மேல முழுசா, அசையாம, 25 வரணும்னாங்க. பொண்ணு 7 வயசுலேர்ந்து ஆடி ஷோல லீட் ரோல் வரைக்கும் வந்தவ, 25 எல்லாம் ஜுஜுபினு போனா, அடிபட்ட கால்ல 7. நல்ல கால்ல 15. அன்னிக்கி காருல வீட்டுக்கு வரும்போது ஒரு வார்த்தை பேசல.

பேலன்ஸ் குஷன், காத்து அடிச்ச ரப்பர் தட்டு, அது மேல ஒத்த கால்ல நிக்கணும். 3 ஸ்டார். வேலை செய்யும், ஆனா வீட்டுல இருக்குற தலைகாணியும் அதே வேலைய செய்யும், பல்லு விளக்கும்போது ஒத்த கால்ல நில்லு, ஈசியானா கண்ண மூடிக்கிட்டு நில்லு, இதுக்கு எதுக்கு தனியா ஒண்ணு. நான் ட்ரை பண்ணி வாஷ் பேசின புடிச்சு தொங்கினேன்.

டர்ன்அவுட் தட்டு பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது ஆபத்தும் கூட நல்லதும் கூட. ரெண்டு வட்டத் தட்டு, மேல நின்னா உராய்வு இல்லாம சுத்தும். பாலேல பாதம் ரெண்டும் வெளிப்பக்கம் பாக்கணும், பரதநாட்டியத்துல அரைமண்டிக்கும் அதே தான், அந்த திருப்பம் இடுப்புலேர்ந்து வரணும். இடுப்பு மூட்டு குழியோட அமைப்பு ஆளுக்கு ஆள் வேற, சிலருக்கு நிறைய திரும்பும், சிலருக்கு கம்மி, அது பிறவி. இடுப்பு குடுக்காதத எங்கேர்ந்து எடுப்பாங்க? முட்டிலேர்ந்தும் கணுக்கால்லேர்ந்தும். பாதத்தை தரையில ஊனி, உராய்வ வச்சு இன்னும் வெளிய திருப்பி, அப்படியே உக்காருவாங்க, முட்டி முறுக்கிக்கும், பாதம் உள்பக்கம் சரியும். வருஷக்கணக்கா அப்படி ஆடினா முட்டி வலி வராம என்ன பண்ணும். தட்டு மேல நின்னா இந்த ஏமாத்து வேலை நடக்காது, தரை பிடிக்காதுல்ல, இடுப்பு எவ்ளோ குடுக்குதோ அவ்ளோ தான் பாதம் திரும்பும். பிசியோ அதுல நிக்க வச்சதும் பொண்ணோட பாதம் ரெண்டும் தானா உள்ள வந்துச்சு, அவ மொகம் போன போக்க பாக்கணும். "இது தான் உன்னோடது, மத்ததெல்லாம் கடன்"னாங்க. மெதுவா இடுப்பு பலத்துல தொறந்து மூடினா 4 ஸ்டார். காலால தள்ளி 180 டிகிரி கொண்டு வர்றேன்னு வீடியோ போடுறாங்களே, அதுக்கு யூஸ் பண்ணினா அந்த மரப்பலகையோட தம்பி தான் இது.

கலர் டேப். நீலம், பிங்க்னு ஒட்டிக்கிட்டு வர்றாங்களே அது. கென்சோ காசேன்னு ஒரு ஜப்பான்காரர் 1970கள்ல கொண்டு வந்தது. சொல்ற அளவுக்கு பெருசா ஒண்ணும் பண்ணுறதா ஆராய்ச்சில தெரியல, ஆனா ஒட்டினா தைரியம் வருதுன்னு பொண்ணு சொல்றா, தைரியத்துக்கும் ஒரு வெல இருக்கு தானே. 2 ஸ்டார். இழுத்து ஒட்டினதுல ஒரு தடவை தோல் உரிஞ்சு கொப்புளம் வந்துச்சு. கணுக்கால இறுக்கமா பிடிக்கிற வெள்ளை டேப் வேற, அது நெஜமான வேலை செய்யும், ஆனா தெரிஞ்சவங்க ஒட்டணும்.

ஃபோம் ரோலர் 3 ஸ்டார், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உருட்டினா கொஞ்ச நேரம் தளர்வா இருக்கும், அதுக்கு மேல மாயம் ஒண்ணும் இல்ல. ஆனா எலும்பு மேல வலி இருந்தா அதை உருட்டாதீங்க. இது ஏன் சொல்றேன்னா கூட ஆடுற ஒரு பொண்ணு பாத மேல் பக்கம், ரெண்டாவது விரலுக்கு நேரா, வலிக்குதுன்னு 6 வாரம் உருட்டிக்கிட்டும் ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டும் ஆடினா. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. எலும்புல மயிரிழை மாதிரி விழற கீறல் முதல் ரெண்டு மூணு வாரத்துல எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐல தான் தெரியும். ரெண்டாவது விரல் எலும்போட அடிப்பகுதி பாலே ஆடுறவங்களுக்கு பேர் போன எடம். அடையாளம் என்னன்னா, ஒத்த விரலால தொட்டு "இங்க தான்"னு காட்ட முடியும், வார்ம் ஆனா தசை வலி மாதிரி குறையாது, ஆட ஆட ஏறும், அப்புறம் ராத்திரி படுத்தா கூட வலிக்கும். அந்த பொண்ணு ஒரு முழு சீசன் உக்காந்து பாத்தா. வலி ஸ்ப்ரேக்கு நான் குடுக்கறது 1 ஸ்டார், அது பொருள் மோசம்னு இல்ல, நல்லா வேலை செய்யுது, அது தான் பிரச்சனை. மாத்திரை போட்டுட்டு மேடை ஏறுறதும் அதே கதை, வலிங்கறது ஒரு காவல்காரன், அவனுக்கு தூக்க மாத்திரை குடுத்துட்டு கதவ தொறந்து வைக்கிற மாதிரி.

இப்ப பேக்ல இருக்குறதுலயே சல்லிசான சாமான், ஒரு கோடு போட்ட நோட்டு. பிசியோ சொல்லி வாங்கினது. தினமும் 3 விஷயம் எழுதணும், எத்தனை நிமிஷம் ஆடினா, எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு 10க்கு எவ்ளோ, எங்க வலி. நிமிஷத்தையும் அந்த மார்க்கையும் பெருக்கி வாரக் கணக்கு போடணும். நான் எக்செல்ல போட்டு காட்டவான்னு கேட்டேன், வேணாம்பா கையால எழுதினா தான் எனக்கு மண்டைல ஏறும்னா, சரின்னு விட்டுட்டேன். முதல் 2 மாசத்துலயே விஷயம் வெளிய வந்துடுச்சு. ஷோவுக்கு முன்னாடி 3 வாரம் சாதாரண வாரத்தை விட ரெண்டு மடங்கு ஏறுது, ஷோ முடிஞ்சு லீவுல பூஜ்யம், லீவு முடிஞ்ச முதல் வாரம் அப்படியே முழு டோஸ். பழைய போட்டோ, மெசேஜ் எல்லாம் தோண்டி பாத்தா கால் மடங்கின நாள் ஷோவுக்கு முந்தின வாரம், நாலாவது மணி நேரம். திடீர்னு நடந்த விபத்துன்னு நான் அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். மாணவ டான்ஸர்ஸுக்கு வர்ற அடியில பெரும்பாலானது விழுந்து வர்றது இல்ல, சேர்ந்து சேர்ந்து வர்றது. சுளுக்கு விழுந்து வந்தது தான், ஆனா களைச்ச கால் தான் விழும்.

நோட்டை டீச்சர்கிட்ட கொண்டு போய் காட்டினது தான் எனக்கு மூணு வருஷத்துல ரொம்ப பயமா இருந்த வேலை. தப்பா எடுத்துப்பாங்களோன்னு நெனச்சேன். அவங்க அமைதியா பாத்தாங்க, அப்புறம் "எங்க காலத்துல யாரும் எழுதல, நானே ரெண்டு முட்டியோட தான் நிக்கிறேன்"னு சொல்லிட்டு, ஷோ ரிகர்சல்ல குதிக்கிற பகுதியெல்லாம் முதல் மணி நேரத்துக்கு மாத்திட்டாங்க, கடைசி மணி நேரம் குதிக்காம, ஸ்டெப்ப கையால மட்டும் காட்டிட்டு போனா போதும்னுட்டாங்க. அடிபட்டு உக்காந்திருக்குற புள்ளைங்களுக்கும் ஒரு வேலை குடுத்தாங்க, ஓரமா உக்காந்து மியூசிக்கோட கவுன்ட் எழுதணும், மத்தவங்க தப்பை குறிக்கணும். பொண்ணு சொன்னா உக்காந்து பாத்த 5 வாரத்துல மியூசிக் காதுல ஏறின மாதிரி ஆடும்போது ஏறினதே இல்லன்னு. வீட்ல அடைச்சு வைக்காம கிளாஸுக்கு கூட்டிட்டு போனது நல்லதா போச்சு, இல்லன்னா அந்த வயசுல மனசு உடைஞ்சுடும், அதுக்கு எந்த பேண்டும் கிடையாது.

வாங்க முடியாத சாமான் ஒண்ணு இருக்கு, தரை. கான்கிரீட் மேல டைல்ஸ், அது மேல பளபளன்னு வினைல் விரிச்சு "டான்ஸ் ஃப்ளோர்"னு சொல்லுவாங்க, அது சறுக்காம இருக்கத்தான், அதிர்ச்சிய வாங்கிக்காது. அடியில மரச்சட்டம் இல்ல ரப்பர் வச்சு லேசா அமுங்கி எழற தரை தான் குதிக்க ஏத்தது. சேர்க்கறதுக்கு முன்னாடி குதிகாலால ஓங்கி ஒரு மிதி மிதிச்சு பாருங்க, டொம்முனு சத்தம் வந்து தரை லேசா அமுங்கினா நல்லது, சத்தமே இல்லாம மண்டைல சுர்ர்னு ஏறினா அங்க குதிக்கற நேரத்தை குறைக்க சொல்லி கேளுங்க. நான் மூணு எடத்துல மிதிச்சு பாத்திருக்கேன், ரெண்டு எடத்துல என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

ஸ்ட்ரெச்சிங் ஸ்ட்ராப்னு ஒண்ணும் இருக்கு, வளையம் வளையமா தைச்ச பட்டை. 3 ஸ்டார், எப்ப யூஸ் பண்றோம்ங்கறதுல இருக்கு. கிளாஸுக்கு முன்னாடி குளிர்ந்த உடம்போட ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சு இழுத்தா குதிக்கற பலம் கொஞ்ச நேரத்துக்கு கம்மியாகும், முன்னாடி பண்ண வேண்டியது மூச்சு வாங்குற அளவுக்கு அசையறது, இழுக்கறத முடிஞ்சப்புறம் 30 வினாடி வச்சுக்கலாம். உடம்பு ஏற்கனவே ரப்பர் மாதிரி வளையற புள்ளைங்க, கட்டை விரல் மணிக்கட்டுல தொடற ரகம், அவங்களுக்கு இந்த பட்டையே வேணாம், அவங்க வளையறத பாத்து கை தட்டுவோம், ஆனா அவங்களுக்கு தான் பிடிமானம் கம்மி, பலப்படுத்தற வேலை மத்தவங்கள விட ஜாஸ்தி.

தூக்கத்துக்கு ஸ்டார் எப்படி போடறதுன்னு தெரியல. 13லேர்ந்து 18 வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம்னு சொல்றாங்க, எங்க வீட்ல பரீட்சை நேரத்துல 6 வந்தாலே பெருசு, நோட்டுல அதை அவளே நாலாவது விஷயமா சேர்த்துக்கிட்டா.

வாங்கலாமா வேணாமான்னு கேக்கறவங்களுக்கு, ரப்பர் பேண்ட், கட்டு துணி, ஐஸ் பேக், நோட்டு, இது போதும், மிச்ச காசுக்கு டான்ஸ் தெரிஞ்ச பிசியோகிட்ட அடிபடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை காட்டிடுங்க. இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஃபார் டான்ஸ் மெடிசின் அண்ட் சயின்ஸ்னு 1990லேர்ந்து ஒரு சங்கம் இருக்கு, டான்ஸர்ஸுக்கும் டீச்சருக்கும் புரியற மாதிரி எழுதி வச்சிருக்காங்க, ராத்திரி 11 மணிக்கு ரிவ்யூ படிக்கிறதுக்கு பதிலா அதை படிச்சிருந்தா எனக்கு ஒரு மரப்பலகை மிச்சம்.

திரும்ப முழுசா குதிக்க விட்டது காலண்டர் பாத்து இல்ல, ஒத்த கால்ல தாண்டி குதிக்கற தூரம் ரெண்டு காலுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தப்புறம், எறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாம இருந்தப்புறம், மறுநாள் காலைல வலி ஏறாம இருந்தப்புறம். 5 மாசம் ஆச்சு. குதிகால் தூக்கற கணக்கு நோட்டோட பின் அட்டைல இருக்கு, நேத்து நிலவரம் வலது 27, இடது 24.